உன் அத்தையின் சோப்பு

என் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கும் மகளே,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாம் குடியிருக்கும் இந்த அகளி ஊரில் நல்ல வெயில். நீ பாயில் குறுக்கே கிடந்து தூங்குகிறாய்; உனக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. ஆனால் நான் எழுதுவது இந்தச் சின்னவளுக்கு இல்லை. என் உயரத்துக்கு வளர்ந்து, ஏதோ ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்று, கன்னத்தில் புதிதாகக் கிளம்பிய பருவை விரலால் தடவிப் பார்க்கப்போகிறாளே, அந்தப் பெரியவளுக்கு. அன்றைக்கு நீ யாரிடம் போய்க் கேட்பாய் என்பது எனக்கு இப்போதே தெரியும். உன் அத்தை பேச்சியிடம்தான் கேட்பாய். அவளும் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறாள். “பாப்பா சமஞ்சதும் மூஞ்சிக்கு என்ன போடணும்னு நானே சொல்லித் தாரேன் மதினி, நீங்க கவலைப்படாதீக” என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். எனக்கு அந்தக் கவலையே இல்லாதபோது சொன்னாள். அவள் முந்திக்கொள்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன். அழகான காரணம் இல்லைதான். ஆனால் வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

உன் அம்மாவைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். என்னைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டு பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிக்க வைத்தார்கள். படிப்பு வந்தது, பேச்சு வரவில்லை. வகுப்பில் விடை தெரிந்தாலும் எழுந்து சொல்ல மாட்டேன். பேசாதவர்களுக்குப் பார்ப்பதுதான் வேலை. யார் யாரைப் பார்த்து எப்போது சிரிக்கிறார்கள், யார் முகம் எந்தப் பேச்சில் சுருங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்தக் கண்ணோடுதான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அதே மலையில் இருந்த தேயிலை எஸ்டேட்டுக்கு வந்தேன். அவர் பாக்டரியில் மெஷின் ஓட்டுகிறவர். அடுத்த வீடே அவருடைய தங்கை பேச்சியின் வீடு. என் வயதுதான் அவளுக்கு. கொழுந்து கிள்ளப் போகிற தாய்மார்கள் காலையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்வதற்கு எஸ்டேட்டில் ஒரு கூடம் உண்டு, பிள்ளைக் காம்பரா என்பார்கள். பேச்சி அங்கே ஆயா.

கல்யாணமாகி வந்த முதல் வாரமே உன் அப்பா என் முகத்தைப் பார்த்து, நல்ல எண்ணத்தில்தான், “பேச்சி சோப்பு ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாரேன். அவ மூஞ்சி எப்படி இருக்கு பாத்தியா?” என்றார். நெற்றி நிறையப் பருவோடு வந்து இறங்கிய புதுப்பெண்ணிடம் எதைச் சொல்லக் கூடாது என்று ஆண்களுக்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பார்த்தேன்தான். பேச்சி என்னைவிடக் கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒரு புள்ளி கிடையாது. விடியற்காலைப் பனியில் அவள் வாசல் தெளிக்க வந்து நின்றால், பக்கத்தில் விளக்கே இல்லாமல் அவள் கன்னத்தில் ஒரு வெளிச்சம் நிற்கும். எனக்கு எரியும். அன்று முடிவு செய்தேன், அந்தச் சோப்பைத் தொடுவதில்லை என்று. போடிக்குப் போகிறவர்களிடம் சொல்லி, வழவழவென்று காகிதம் சுற்றிய ரோஸ் நிறக் கடைச் சோப்பை வரவழைத்துத் தேய்த்தேன். பேச்சியின் சோப்பு ஒன்றும் அதிசயம் இல்லை என்று காட்டுவதற்காக, ஒருநாள் சாப்பிடும்போது உன் அப்பாவுக்கு விளக்கினேன். எண்ணெயும் காஸ்டிக் சோடா என்கிற காரமும் சேர்ந்தால் சோப்பு, கூடவே கிளிசரின், அந்தக் கிளிசரின்தான் தோலை மிருதுவாக்குகிறது, வேறொன்றும் இல்லை என்றேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்படியா? பேச்சி இதெல்லாம் சொல்லவே இல்லயே” என்றார். என் மூன்று வருடப் படிப்பையும் அவள் பக்கம் சேர்த்துவிட்டார்.

அந்தச் சோப்பை அவள் தன் மாமியாரிடம் கற்றிருந்தாள். தேங்காயெண்ணெயும் காரமும்தான் அடிப்படை. அதில் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் போட்டு, ஏலக்காய்த் தோலை ஊறவைத்து இறுத்த தண்ணீரைச் சேர்ப்பாள். எங்கள் மலையில் ஏலக்காய்த் தோலுக்கா பஞ்சம்? வாழைமட்டைக்குள் ஊற்றி, இறுகியதும் நூலால் அறுத்து, அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கிவிடுவாள். ஒரு மாதத்துக்கு மேல் அங்கே கிடக்கும். உன் அப்பா வீட்டில் பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுவது அத்தையின் உரிமை. அதனால் நீ பிறந்ததும் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, உன்னை அதன்மேல் கிடத்தி, அந்தச் சோப்பின் நுரையால் உன் முகத்தைத் துடைத்துக் கழுவி எடுத்தவள் அவள்தான். நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கழுவி முடித்து அவள் என்னிடம் தரும்போது உன் கன்னத்தில் ஏலக்காய் மணக்கும். நீ அலறிக்கொண்டு என் மார்பைத் தேடுவாய். அப்போது என்னிடம் பால் இருந்தது. வேறு எந்த மணமும் எனக்குத் தேவைப்படவில்லை.

உனக்குப் பால் மறந்த சமயத்தில்தான் எனக்கு வேலை உத்தரவு வந்தது. ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கும் அகளியில் ஒரு அரசு ஆபீசில் குமாஸ்தா. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு காகிதம் வந்ததே இல்லை. உன் அப்பா அதைப் பாக்டரி முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். வீடு பார்த்து, சமையலுக்கு வழி பண்ணி, உன்னைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும்வரை நீ அத்தையிடம் இருப்பது என்று முடிவானது. நான் மட்டும் போனேன். அகளி எங்கள் மலை மாதிரி இல்லை. காற்று வறண்டு அடிக்கும். ரோஸ் சோப்புப் போட்டுக் கழுவக் கழுவ என் முகத்தில் தோல் உரிந்தது. பிரசவத்துக்குப் பிறகு கன்னத்தில் விழுந்த மங்கும் கறுத்துக்கொண்டே வந்தது. வீட்டுக்காரம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். அவரே ஒருநாள், “ஏனுங் கண்ணு, மூஞ்சிய என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? கொழந்தைய உட்டுப்போட்டு வந்த ஏக்கம் மூஞ்சில தெரியுதுங்க” என்றார். ஏக்கம்தான். ஆனால் அந்த ஏக்கத்தில் பாதி, நீ இந்நேரம் யார் மடியில் இருப்பாய் என்று எனக்குத் தெரிந்ததால் வந்தது.

ஓணத்து லீவு வந்தது. உன்னைக் கூட்டிவர எல்லாம் தயார் பண்ணியிருந்தேன். வீட்டுக்காரம்மாவே பகலில் உன்னைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். புதுப் புடவை கட்டி, வழியில் போடியில் இறங்கி முகம் கழுவி, பவுடர் போட்டு, ஆபீஸ்காரி மாதிரி உன் முன்னால் வந்து நின்றேன். நீ பேச்சியின் இடுப்பில் இருந்தாய். என்னைப் பார்த்தாய். நான் கையை நீட்டியதும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தாய். நான் கிட்டே வந்தேன், நீ வீறிட்டாய். பேச்சி உன் முதுகைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். “கோவிச்சுக்காதீக மதினி. கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி கணக்கா மணக்கீக. பச்சப்புள்ள பயப்படாம என்ன செய்யும்?” வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறப்பதுபோல் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

உன் அப்பா அன்றைக்குச் சாயந்திரம் ஒரு வார்த்தை சொன்னார். “இந்தா பாரு, லீவு முடியறதுக்குள்ள பாப்பா ஒங்கிட்ட ஒட்டுனா கூட்டிட்டுப் போ. இப்படியே அழுதா, இங்கனயே கெடக்கட்டும். அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குப் பயம். அடுத்த லீவு என்பது எப்போது? அதற்குள் நீ இன்னும் எத்தனை வார்த்தை பேசக் கற்றிருப்பாய்? அதில் எது எனக்கானதாக இருக்கும்? பிஸ்கட் கொடுத்தேன்; வாங்கிக்கொண்டு அத்தையிடம் ஓடினாய். பொம்மை கொடுத்தேன், அதையும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய். நீ தூங்கிய பிறகு தூக்கி என் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்; விழித்ததும் என் முகத்தைப் பார்த்து அழுதாய். தன் பிள்ளை தன் முகத்தைப் பார்த்து அழுவதைப் பார்த்தவளுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும். உனக்கு அது தெரிய வேண்டாம்.

ஒருநாள் காலை பிள்ளைக் காம்பராவுக்குப் போய் வாசலோரம் நின்று பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சி சோப்பை உள்ளங்கையில் உருட்டி நுரை எடுத்தாள். சோப்புக்கட்டி ஒரு பிள்ளையின் முகத்திலும் படவில்லை, நுரை மட்டும்தான் பட்டது. “கண்ண மூடு, காக்கா வருது, காக்கா வருது, ஆங், போயிருச்சு!” என்று நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் விரல் நுனியால் சுற்றிச் சுற்றித் தடவி, கண்ணை எரிப்பதற்கு முன்பே தண்ணீரால் வழித்துவிட்டாள். அவள் கைக்காகப் பிள்ளைகள் தாங்களாகவே முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார்கள். நீயும் நிமிர்த்திக்கொண்டிருந்தாய். கண்ணை இறுக்கி மூடி, உதட்டைக் குவித்து, அவ்வளவு நம்பிக்கையாக. பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது. எதைப் பிடுங்குவது, உன்னையா, அந்தச் சோப்பையா என்றுதான் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். வாய் திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது. “பேச்சி, ஒரு சோப்பு” என்றேன்.

அவள் முறத்தை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“ஆத்தாடி! பெரிய படிப்புக்காரிக்கு இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும். எங்கண்ணன் சொல்லி வருசம் மூணு ஆச்சு.” ஆனால் சொல்லிக்கொண்டே பரணில் கையை விட்டு, மேலே இருந்தவற்றை ஒதுக்கி, அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். “மேல இருக்கது பச்ச. மொகத்துல போட்டா எரிச்சுப்புடும். இது நல்லா காஞ்சது.” என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் வழக்கம்போல் கட்டியைக் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். “ஐயே, என்ன மதினி, தோசக்கல்லா வெளக்குறீக? கையில நொரை எடுங்க. மெள்ள. அது மொகம்.” அவள் சொன்னபடி செய்தேன். கழுவியதும் துண்டால் தேய்க்க விடவில்லை, ஒற்றச் சொன்னாள். ஈரம் முழுக்கக் காய்வதற்குள் ஒரே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் பரப்பிக் கன்னத்தில் வைத்துவிட்டாள். அன்று என் முகம் இழுக்கவில்லை, எரியவில்லை. அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

இரண்டு நாள் காலையும் மாலையும் அப்படியே செய்தேன். பவுடரை விட்டேன். ரோஸ் சோப்பைக் குழாயடி மாடத்தில் போட்டுவிட்டு மறந்தேன். மூன்றாம் நாள் மாலை, வாசல்படியில் முகம் கழுவிய ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். நீ தவழ்ந்தும் நடந்தும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய். என் முகத்துக்கு நேரே உன் முகத்தை வைத்தாய். மூக்கை என் கன்னத்தில் உரசினாய். பிறகு இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தெளிவாக, “அத்த” என்றாய்.

உன் அப்பா வெடித்துச் சிரித்தார். நான் அத்தை இல்லை என்று சொன்னால் நீ கையை எடுத்துவிடுவாயோ என்று எனக்குப் பயம். அதனால் “ம்” என்றேன். மகளே, உன்னை வைத்துக்கொள்வதற்காக உன் அம்மா உன் அத்தையின் பெயருக்கு “ம்” சொன்னாள்.

பேச்சி கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் சிரிக்கத்தான் தொடங்கினாள். பிறகு துணியைக் கையில் பிடித்தபடியே, “ஏட்டி, அது அம்மாடி. அத்த இங்கன இருக்கேன்” என்றாள். நீ திரும்பி அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். என் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. அப்போது பேச்சியின் முகத்தைப் பார்த்தேன். மூன்று வருடமாக நான் ஒரு புள்ளி தேடிய அந்த முகத்தில், உதட்டோரம் மட்டும் ஒரு சின்ன இழுப்பு. அதை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அது தினமும் நான் என் கண்ணாடியில் பார்க்கிறதுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

அதற்குப் பிறகும் நீ இரண்டு பேரிடமும் போய்க்கொண்டுதான் இருந்தாய். கண் மூடித் தடவிக்கொண்டு வருகிறவர்களைப் போல, மணத்தை வைத்து வந்தாய். ஒரே மணம் இரண்டு இடத்தில் இருந்ததால் ஒருநாள் என்னிடம், ஒருநாள் அவளிடம். தூக்கம் வந்தால் அவளிடம்தான். லீவு முடியப்போகிறது, பாப்பா இன்னும் ஒட்டவில்லையே என்று உன் அப்பாவும் இழுத்தார். ஆனால் கடைசி நாட்களில் என்னவோ மாறியது. நீ பேச்சியிடம் போவாய். பாதி வழியில் நின்று, திரும்பி என்னிடம் வருவாய். அவள் தூக்கினால் நெளிவாய். என் பொறுமைக்குப் பலன் என்று நினைத்தேன். அவள் கன்னத்தில் ஒரு சிவந்த கட்டி எழும்பியிருப்பதையும் கவனித்தேன். பேச்சியின் முகத்தில் பரு! அன்றைக்குச் சோறு எனக்கு ருசியாக இறங்கியது. மாடத்தில் கிடந்த என் ரோஸ் சோப்பு நனைந்து, தேய்ந்து பாதியாகியிருந்ததையும் பார்த்தேன். உன் அப்பா எடுத்துப் போடுகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் பார்க்கிற கண் என்று பெருமைப்பட்டேனே, அந்தக் கண் இவ்வளவுதான்.

புறப்படுகிற காலையில் போடிமெட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். பேச்சியும் வந்திருந்தாள், என் பைக்குள் மூன்று கட்டிச் சோப்பைத் துணியில் சுற்றித் திணித்தாள். பஸ் வந்ததும், “ஒரு முத்தம் குடுத்துட்டுப் போடி” என்று உன்னை வாங்கினாள். நீ மூக்கைச் சுருக்கினாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாய், முதல் நாள் எனக்குச் செய்த அதே மாதிரி. உன்னை வாங்கக் கிட்டே போனபோதுதான் அவளிடமிருந்து அந்த வாசனை வந்தது. ரோஸ்.

நான் அவளைப் பார்த்தேன். “என்ன மதினி பாக்கீக? ஒங்க சோப்பு சும்மா கெடந்து கரையுதேன்னு எடுத்துப் போட்டேன். கண்றாவி. கன்னமெல்லாம் கட்டி கட்டியா வருது. எப்படித்தான் இத்தன நாளு போட்டீகளோ!” என்றாள். சிரித்தாள். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். உன்னை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். எனக்குத்தான் வேண்டிய நேரத்தில் வாய் வராதே. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தது; நீ அழவில்லை, என் கன்னத்தில் கன்னம் வைத்துத் தூங்கிவிட்டாய். உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் நன்றியாக எதையாவது நினைக்கப் பார்த்தேன். வரவில்லை. இதிலும் என்னை மிஞ்சிவிட்டாளே என்றுதான் வந்தது.

சரி, நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். முகத்துக்கு நாளைக்கு இரண்டு முறை சோப்பு போதும், நுரையை மட்டும் வை, கட்டியைத் தேய்க்காதே, ஒற்றித் துடை, ஈரத்தின் மேலேயே ஒரு சொட்டு எண்ணெய். நீயே சோப்புச் செய்தால், காரத்தைத் தண்ணீரில் போடு, காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றாதே, பொங்கித் தெறிக்கும். இது அவள் சொல்லாதது, நான் படித்தது. செய்த சோப்பைக் காய விடு. நாக்கு நுனியில் துளி வைத்துப் பார், சுருக்கென்றால் இன்னும் ஆகவில்லை. பரு எல்லாம் இதிலேயே ஓடிவிடும் என்று நம்பாதே. என் மங்கு அப்படியே இருக்கிறது. தோல் உரிவது மட்டும் நின்றிருக்கிறது. நான் இங்கே செய்த முதல் சோப்பு வீட்டுக்காரம்மாவின் பரணில் கிடக்கிறது. நேற்று நாக்கில் வைத்தேன், இன்னும் சுருக்கென்கிறது. பேச்சி கொடுத்தவற்றில் கடைசிக் கட்டி தேய்ந்து வெற்றிலை மாதிரி ஆகிவிட்டது. என்னுடையது காய்ந்ததும் அந்த மெலிந்த துண்டை அதன் முதுகில் ஈரத்தோடு ஒட்டிவிடப்போகிறேன். எது தீர்ந்து எது தொடங்கியது என்று உனக்குத் தெரிய வேண்டாம்.

போன வாரத்திலிருந்து நீ என்னை அம்மா என்கிறாய். நான் “ம்” என்கிறேன், ஒவ்வொரு முறையும், கேட்டதற்கும் கேட்காததற்கும். அவள் நினைப்பு உனக்குக் குறைந்துகொண்டு வருவது எனக்குத் தெரிகிறது. குறையட்டும் என்று நினைக்கிற அம்மாதான் உனக்கு வாய்த்திருக்கிறாள். ஆனால் நீ வளர்ந்து பேச்சியிடம் போய் நிற்கும்போது, அவள் உனக்குச் சோப்பைப் பற்றி எல்லாம் சொல்வாள்; எந்த மாவு, எவ்வளவு எண்ணெய், எத்தனை நாள் என்று. ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள். நீ என்னிடம் வர வேண்டும் என்பதற்காக, உனக்குப் பிடிக்காத சோப்பைத் தன் முகத்தில் போட்டுக்கொண்டு, உன்னைத் தூக்கித் தூக்கி உன் மூக்கு சுருங்குவதைப் பார்த்தாள் என்பதை. அதை அவள் சொல்லவே மாட்டாள். அதனால் நான் சொல்லிவிட்டேன். இந்த ஒன்றிலாவது நான் முந்திக்கொள்கிறேன்.

உன் அம்மா